இடமாகச் சுற்றியவள்

அக்கா,

இன்று காலை பள்ளிக்குப் போகும் வழியில் உன்னைப் பார்த்தேன். சின்னசேலம் சாலை ஓரத்தில் மக்காச்சோளம் காயப் போட்டிருக்கிறார்கள். தூறல் விழுந்ததால் குவியலின் மேல் ஒரு பழைய ஃப்ளெக்ஸைப் போர்த்தி, மூலைகளில் கல் வைத்திருந்தார்கள். கற்களுக்கு நடுவில் நீ. நம் தெருக்காரர்கள் உனக்கு வைத்த கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ்தான் அது. வெயிலில் மற்ற நிறமெல்லாம் போய் நீலம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. தண்ணீருக்கு அடியில் நிற்பவள் போல, கையுறை போட்ட கைகளை முகத்துக்கு நேரே தூக்கி வைத்துக்கொண்டு நின்றாய்.

அந்தப் படத்தில் ஒரு தவறு உண்டு. நீ வலது காலை முன்னால் வைத்து, இடது காலைப் பின்னால் காத்து வைத்திருப்பவள். படத்தில் உன் இடது கால் முன்னால் இருக்கிறது. போனைச் செங்கல்லில் சாய்த்து வைத்து, முன்பக்கக் கேமராவில் நீயே எடுத்த படம். கண்ணாடியைப் போல அது இடத்தையும் வலத்தையும் மாற்றிவிட்டது. அஞ்சலி ஃப்ளெக்ஸ் அடித்த கடைக்காரருக்கு அது எப்படித் தெரியும்?

நான் சைக்கிளை நிறுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓரத்தில் சிதறிய சோளத்தைக் கூட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து, "இன்னா பாப்பா பாக்குற? தெரிஞ்ச பொண்ணா?" என்றார். அப்போது காற்று அடித்து ஃப்ளெக்ஸ் எழும்பியது. பின்பக்கத்திலிருந்து பார்க்கும்போது, மேகம் விலகி வெயில் ஊடுருவிய ஒரு கணம், நீ சரியாக நின்றாய். வலது கால் முன்னால். சைக்கிளை மிதித்து வந்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நீ கள்ளக்குறிச்சி துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்த வருடம், கடைக்கு மேல் மாடியில் ஒரு மாஸ்டர் நடத்திய கிக் பாக்ஸிங் வகுப்பிலும் சேர்ந்தாய். டீக்கடைக்காரர் உன்னைப் பார்த்தால் விடமாட்டார். "கிக்கு பாக்ஸிங்கா? கிக்கு வேணும்னா மலைக்குப் போம்மா, அங்க காய்ச்சறதுல ஜாஸ்தி கெடைக்கும்." நீ நின்று, "ஒரு ஒத குடுக்கறேன் அண்ணே, ஏறுன கிக்கெல்லாம் எறங்கிப்புடும்" என்பாய். பெஞ்சில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே உனக்கு இஞ்சி அதிகம் தட்டிப் போடுவார்.

ரீசார்ஜ் கடையில் மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்த ஒரு வீடியோதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். ஜப்பான்காரர் ஒருவரின் சண்டைகள், முதலிலிருந்து கடைசி வரை. மங்கலான படம், ஓரமெல்லாம் வெட்டப்பட்டிருக்கும். பேச்சே கிடையாது, பாட்டு மட்டும் ஓடும். முதல் சண்டையில் அவருக்கு மீசைகூட முளைக்கவில்லை. சின்ன மண்டபம், மடக்கு நாற்காலிகளில் பாதி காலி. அடி வாங்கி விழுந்து, எழுந்து, வெட்கத்தோடு சிரிக்கிறார். பிறகு மண்டபம் பெரிதாகிறது. புருவத்தில் தழும்பு வருகிறது. இடுப்பில் பெல்ட் ஏறுகிறது, போகிறது, மறுபடி ஏறுகிறது. முடி கொட்டுகிறது. ஒவ்வொரு சண்டையிலும் அதே இடது கால்தான், எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் வந்து எதிராளியின் விலாவில் இறங்கும். கடைசிச் சண்டையில் மிகவும் இளையவன் ஒருவனிடம் விழுகிறார். எழுந்து, கையுறைகளைக் கழற்றி மேடையின் நடுவில் வைத்து, நான்கு பக்கமும் குனிந்து வணங்கிவிட்டுப் போகிறார். ஒரு மனிதர் இளமையிலிருந்து வயதாகும் வரை பட்டதையெல்லாம் உலையில் சோறு வேகும் நேரத்தில் நாம் பார்த்து முடித்துவிடுவோம்.

கடைசிச் சண்டையை மட்டும் ஒருமுறைக்கு மேல் நீ பார்க்கவில்லை. அது வரும்போது, "போதும்டி, நிறுத்து" என்பாய்.

அவர் பெயர் நமக்குத் தெரியாது. கால்சட்டையில் பெரிதாக ஒரு E இருந்தது. அது இங்கிலீஷ் எழுத்து, பெயரின் முதல் எழுத்து என்று நான் தீர்மானமாகச் சொன்னேன். உடனே நீ அவருக்கு ஈ மாமா என்று பெயர் வைத்துவிட்டாய். "ஈ மாமா மொய்க்க வராரு பாரு!" என்று போனை என் மூக்கில் இடிப்பாய்.

உன் வீட்டுக்குப் பின்னால் புளியமரத்தில் லாரி டயரைத் தொங்கவிட்டு, அவரைப் பார்த்துப் பார்த்து நீ பழகினாய். நீ பிறவியில் வலது கைக்காரி. கோலம் போட்டதும், பல் துலக்கியதும், என் தலையில் குட்டியதும் வலது கையால்தான். வருடம் திரும்புவதற்குள் குட்டு இடது கையிலிருந்து விழ ஆரம்பித்தது. ஒருநாள் நான் உங்கள் வீட்டுக்கு வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது நீ இடது கையால் சோற்றைப் பிசைந்து உருட்டி வாய்க்குக் கொண்டுபோனாய். உனக்கே தெரியவில்லை. உன் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"பீச்சாங்கையில துன்றியாடி? இன்னாடி ஆச்சு உனக்கு?"

நீ கையைப் பார்த்தாய். யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பது போலப் பார்த்தாய்.

ஆனால் உன் அம்மாவை அதைவிடப் பயமுறுத்தியது வேறொன்று. நீ டயரைச் சுற்றும் விதம். ஈ மாமா எதிராளியை இடமாகச் சுற்றுவார். நீயும் அப்படியே சுற்றினாய். சாமியை நாம் வலம் வருகிறோம். பிணத்தை மட்டும்தான் இடமாகச் சுற்றுகிறோம். கரும்பு வெட்டிவிட்டு வந்து கை கால் கழுவும் உன் அம்மா, பொழுது சாயும் நேரத்தில், தன் ஒரே பெண் தொங்கும் கறுப்பு டயரை இடமாகச் சுற்றிச் சுற்றி வருவதைத் தினமும் பார்க்க வேண்டியிருந்தது.

"பொணத்த சுத்தற மாதிரி சுத்தாதடி."

"ஐயே, டயரும்மா அது. டயருக்கு இன்னா சாவு?"

சேலத்துப் போட்டி நெருங்கியது. அதில் ஜெயித்தால் மாநில அணிக்கு அனுப்புவதாக மாஸ்டர் சொல்லியிருந்தார். நீ வேறு எதையும் அவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை. போட்டிக்கு முன் ஈ மாமாவின் உண்மைப் பெயரைக் கண்டுபிடித்து உனக்குப் பரிசாகச் சொல்ல வேண்டும் என்று நான் நினைத்தேன். நூலகத்தில் குழந்தைகள் கலைக்களஞ்சியம் ஒன்றில் ஜப்பானிய எழுத்துகளின் பட்டியல் இருந்தது. படத்தை நிறுத்தி, கால்சட்டையில் இருந்த எழுத்துகளை மெல்லிய தாளில் வரைந்துகொண்டு போனேன். ஒன்றுகூடப் பட்டியலில் இல்லை. அலுத்துப்போய்த் தாளைத் தூக்கியபோது ஜன்னல் வெளிச்சம் பட்டு, எழுத்துகள் பின்பக்கத்தில் தெரிந்தன. எல்லாம் பட்டியலில் இருந்தன. நான் E என்று சாதித்தது E இல்லை. அதைத் திருப்பினால் 'யோ' என்ற ஜப்பானிய எழுத்து.

வீடியோவை ஏற்றிய யாரோ படத்தைக் கண்ணாடிபோலப் புரட்டி வைத்திருக்கிறார்கள். அவர் இடதுகாரர் இல்லை. எல்லோரையும் போல வலதுகாரர். அவர் வலமாகத்தான் சுற்றினார். நமக்கு அந்த எழுத்துத் தெரிந்திருந்தால் முதல் நாளே சிரித்திருப்போம்.

ஓடி வந்து உன்னிடம் சொன்னேன். நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். டயரின் மேல் கையை வைத்து அதன் ஆட்டத்தை நிறுத்தினாய்.

"அப்ப நான் யாரப் பாத்துடி ஆடிக்கினு இருந்தேன்?"

"அப்படி ஒருத்தர் இல்லக்கா."

பிறகு மெதுவாக, எனக்குச் சொல்வது போல இல்லாமல், "நெஜக்காரரு தோத்துட்டாரு. இவன் இல்லாதவன். இல்லாதவன எவன் தோக்கடிக்கறது?" என்றாய். அப்போது நீ சிரித்தாய். முதல் சண்டையில் விழுந்து எழுந்த அந்தப் பையனின் சிரிப்பு. அக்கா, வெட்கத்தில் ஒரு பக்கம் கோணும் அந்த உதடுகூட அப்படியே இருந்தது. எனக்கு வீட்டுக்கு ஓடிவிட வேண்டும் போல இருந்தது.

பின்வாசலில் நின்ற உன் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

"அந்தாளு வலமா சுத்துனவரா? பாத்தியா! நான் சொல்லிக்கினே இருந்தேனே! வலமா சுத்தறதா இருந்தா சேலத்துக்குப் போ. இல்லன்னா வூட்ட வுட்டுத் தாண்டாத."

நீ முயன்றாய். அது எனக்குத் தெரியும். இடது காலை முன்னால் வைத்து வலமாக நகர்ந்தாய். புதிதாக நடக்கும் குழந்தை போலக் கால் பின்னியது. ஒரு மாலை கணுக்கால் மடங்கி, டயர் திரும்பி வந்து தோளில் அடித்து, மண்ணில் உட்கார்ந்துவிட்டாய். "வலம் என்னை வுட்டுப் போயிடுச்சும்மா" என்று அழுதாய். நீ அழுது நான் பார்த்தது அது ஒன்றுதான். உன் அம்மா வந்து உன் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து நீவிவிட்டார். ரொம்ப நேரம் கழித்து, "சரி. நானும் வரேன்" என்றார்.

சேலத்தில் நான் உன் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மணி அடித்ததும் நீ இடமாக நகர ஆரம்பித்தாய். எதிரில் நின்ற பெண்ணுக்கு உன்னை எங்கே தேடுவதென்றே தெரியவில்லை. நான் கத்திக்கொண்டிருந்தேன். உன் அம்மா மேடையைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து, மடியில் வைத்த இடது உள்ளங்கையில் வலது ஆள்காட்டி விரலால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா பெரிம்மா பண்றீங்க?"

"அவ எடமா சுத்தறத நான் வலமா சுத்தி அவுக்கறேன். பேச்சுக் குடுக்காத, தப்பிப்புடும்."

இரண்டாம் சுற்றில் உன் இடது கால் அந்தப் பெண்ணின் விலாவில் இறங்கியது. நடுவர் உன் கையைத் தூக்கினார். அப்போதும் உன் அம்மாவின் விரல் நிற்கவில்லை. மேடையில் நீ போட்ட கடைசி வட்டத்தையும் அவிழ்த்த பிறகே நிமிர்ந்து, "ஜெயிச்சிட்டாளா?" என்று கேட்டார்.

அதன் பிறகு உங்கள் வீட்டில் அதுவே வழக்கமானது. பின்னால் நீ டயரைச் சுற்றுவாய். அடுப்படியில் உன் அம்மா வாசலைப் பார்த்தபடி குழம்பை வலமாகத் துழாவிக்கொண்டிருப்பார். எத்தனை குழம்பு அதில் குழைந்தது என்று நீதான் கேலி செய்வாய். "எங்கம்மா ஒரு பருப்பு வுடாம அவுத்துடும்."

மாநில அணிக்கு அழைப்பு வருவதற்கு முன்னால் நீங்கள் இருவரும் வெள்ளிமலைப் பக்கம் மரவள்ளி பிடுங்கும் வேலைக்குப் போனீர்கள். டயரை எடுத்துப் போக முடியாதே என்று நான் கேட்டபோது, தங்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு பாறை இருக்கிறதாம், அதைச் சுற்றிக்கொள்வேன் என்றாய். விடியற்காலையில், மூடுபனிக்குள், உன் அம்மா மரவள்ளிக் கொல்லைக்குக் கிளம்பிய பிறகு. திரும்பி வரும்போது உனக்குக் காய்ச்சல். மருத்துவமனையில் உன்னைப் பார்த்தேன். கண் மூடியிருந்தது. வலது கையில் ஊசி ஏற்றியிருந்தார்கள். இடது கை மட்டும் முஷ்டியாகித் தாடைக்கு அருகில் இருந்தது. நர்ஸ் அக்கா அதை இறக்கிவிடுவார். கொஞ்ச நேரத்தில் அது மேலே வந்துவிடும். பிறகு ஒருநாள் வரவில்லை.

தெருவில் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். பறை அடித்துக்கொண்டிருந்தது. பெண்கள் வாய்க்கரிசியோடு உன்னை இடமாகச் சுற்ற ஆரம்பித்தார்கள். அப்போது உன் அம்மா எழுந்து, எல்லோருக்கும் எதிராக, வலமாக நடந்தார். பெண்கள் அவர் மேல் மோதி நின்றார்கள்.

"ஏ, இந்தப் பக்கமாடி! புள்ள போன துக்கத்துல தெச மறந்துட்டா, புடிங்கடி அவள!"

"எனக்குத் தெச நல்லாத் தெரியும்" என்றார் உன் அம்மா. அழுகை இல்லாத குரல். "மலையில அவ சுத்துனது மட்டும் எனக்குத் தெரியாமப் போச்சு. அதான் பாக்கி. கொஞ்சம் எடம் வுடுங்க, அவுத்துடறேன். அவுத்துட்டா எழுந்துக்கும் எம்பொண்ணு."

பறை நின்றுவிட்டது. யாரும் அவரைத் தொடவில்லை. நான் அறிவியல் பாடம் எடுத்துப் படிப்பவள், அக்கா. காய்ச்சல் எதனால் வருகிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் போய் உன் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. நான் உன் கைகளைப் பார்த்துக்கொண்டே சுற்றினேன். கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். நாங்கள் சுற்றச் சுற்ற, அந்தக் கட்டு இளகியது. உன் இடது கை கொஞ்சம் கொஞ்சமாக நழுவி, மாலைக்கு அடியில் தாடைப் பக்கம் வந்தது. பாடையை யாரும் அசைக்கவில்லை. உன் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். பார்த்திருக்கிறார்.

"நேரமாவுது" என்று ஆண்கள் வந்து உன்னைத் தூக்கினார்கள்.

இன்னும் ஒரு சுற்று சுற்ற விட்டிருந்தால் என்று உன் அம்மா யாரிடமும் சொன்னதில்லை. என்னிடமும் சொன்னதில்லை. ஆனால் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகத்தில் அது வந்து போகிறது. எனக்கும் வருகிறது.

டயரை அவிழ்த்துவிட்டார்கள். நீ சுற்றிய தடத்தில் இன்னும் புல் முளைக்கவில்லை. அங்கே கட்டிய வெள்ளாடு கயிற்றை இடமாகவே சுற்றிக்கொண்டு கத்துகிறது. உன் அம்மா வந்து வலமாக நடத்தி அவிழ்த்துவிடுகிறார். கொஞ்ச நேரத்தில் மறுபடி சுற்றிக்கொள்கிறது.

உன் அம்மாவும் நானும் சில வெள்ளிக்கிழமைகளில் எலவனாசூர்கோட்டைக் கோவிலுக்குப் போகிறோம். பழைய கோவில், பிரகாரத்தில் வெளிச்சம் கம்மி. நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் வலம் வரும்போது இருவருமே சுவரோரமாக, ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்கிறோம். போன வாரம் பூக்காரம்மா, "ஏன்மா ஒட்டிக்கினு போறீங்க? நடுவுல தாராளமாப் போலாமே, ஆளே இல்லையே" என்றார்.

உன் அம்மா அவரைத் திரும்பிப் பார்த்து, சாதாரணமாகச் சொன்னார்:

"எதுர்ல எம்பொண்ணு வருவா."