கொழும்பாரிடம் சொல்லாத குறை

மச்சான்,

இன்று விடியலில் சுபஹு தொழுதுவிட்டு மாளிகைக்காட்டுக் கரைக்குப் போனேன். மீன் இல்லை. நிந்தவூருக்கு ஓடினேன், அங்கேயும் தோணி வரவில்லை. வெறும் பெட்டியில் நேற்றைய கவிச்சி மட்டும். பழக்கத்தில் போனை எடுத்து நீ செய்த செயலியை அமுக்கினேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நீ மௌத்தாகி மண்ணுக்குள் போன செய்தியை அதற்கு யாரும் சொல்லவில்லை போல.

எந்தக் கரையில் என்ன மீன் இறங்குகிறதென்று எங்களைப் போன்ற மோட்டார் சைக்கிள் மீன்காரருக்குக் காட்டும் செயலி. கல்முனையில் போன் திருத்திக்கொண்டே அதைச் செய்தாய். "இதுல மீன் வாசமே இல்லடா, ஈயம் உருக்குற வாசம்தான் வருது" என்று நான் கிண்டலடிப்பேன்.

ஒருநாள், கொழும்பிலிருந்து பணம் போடுகிறவர்கள் பார்க்க வருகிறார்கள் என்றாய். கடனில்லையாம்; கம்பனியில் பங்கு எடுத்துக்கொண்டு தருவார்களாம். கிடைத்தால் கடையை விட்டுவிட்டுப் பொத்துவில் வரைக்கும் எல்லாக் கரைகளையும் சேர்த்துவிடலாம் என்றாய்.

"அவங்க கஷ்டத்தத்தான் கேப்பாங்க மச்சான். பெற்றோல் வீணாப் போறது, வெறும் பெட்டியோட வாறது, எல்லாத்தையும் செல்லு. பகிடி விட்டுச் சிரிச்சிராத."

"ஓம், ஓம்" என்றேன்.

வந்தவர்களில் தமிழ் தெரிந்த ஒரு பெண். நாங்கள் ஏழு பேர் வெளுத்த சாரன் உடுத்து நின்று, இளநீர் வெட்டிக் கொடுத்தோம். "மீன் தேடி அலையிறதில உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டார். வீடு தேடி வந்த விருந்தாளியிடம் குறை சொல்ல வாய் வருமா?

"அல்ஹம்துலில்லாஹ், ஒரு குறையும் இல்ல தங்கச்சி!"

மற்ற ஆறு பேரும் அதையே சொன்னார்கள். செயலிக்கு மாதாமாதம் காசு கட்டுவீர்களா என்றார். "இவரு நம்முட ஆள், நம்மளிட்ட காசு கேப்பாரா?" என்றேன், உன் முதுகில் தட்டி. உன் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

கொழும்பிலிருந்து பதில் வந்தது. வேலை நல்லதாம். ஆனால் அது தீர்க்கிற கஷ்டம் எதையும் எங்கள் கரையில் காணவில்லையாம். முகத்தை மறைத்துக்கொண்டு உன் கடைக்கு வந்தேன். நீ ஏசவில்லை. "ஒனக்குக் கஷ்டம் செல்லத் தெரியாதுடா" என்று சிரித்துவிட்டு, திறந்து கிடந்த போனுக்குள் குனிந்துகொண்டாய்.

சில மாதம் கழித்து, கடையில் அதே கதிரையில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தாய்.

"என்ன மச்சான், முகம் வெளுத்துப் போயிரிக்கி?"

"அல்ஹம்துலில்லாஹ், ஒரு குறையும் இல்ல தங்கச்சி!" என்றாய், என் குரலிலேயே.

வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுப் போனேன். மறுநாள் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மௌத் அறிவித்தலில் உன் பெயர் சொன்னார்கள்.

அந்தப் பெண் எங்களை அறியாதவர். சொன்னதை அப்படியே நம்பி எழுதிக்கொண்டு போனார். சிறுவயதிலிருந்து உன்னோடு திரிந்த நானும் அதையேதான் செய்தேன்.

இன்று நிந்தவூர்க் கரையில் இன்னொரு மீன்காரர் வெறும் பெட்டியில் சாய்ந்திருந்தார். "எப்பிடி, சுகமா?" என்றேன்.

"ஒரு குறையும் இல்ல காக்கா."

மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, அவர் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன்.