உருளிக்குள் ஒரு பிடி அரிசி

சாலை, திருவனந்தபுரம்
புரட்டாசி 6

அன்பு மகள் ஆர்ஷாவுக்கு,

இங்கே அப்பாவும் நானும் கடையும் சுகம். பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இல்லையென்றாலும் நீ சொல்லப்போவதில்லை, அதனால்தான் நம்புகிறேன் என்று எழுதுகிறேன். கடையையும் சேர்த்துச் சுகம் சொல்கிறாளே என்று நீ சிரிப்பாய், சிரி, காரணம் பின்னால் வருகிறது. இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் போனில் நான் வாயைத் திறந்ததுமே சரிம்மா, விடும்மா என்று நீ முடித்துவிடுகிறாய், பிறகு ட்யூட்டிக்கு நேரமாச்சு என்கிறாய். கடிதத்தை அப்படி முடிக்க முடியாது, கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும். மாப்பிள்ளையின் சித்தப்பா மகன் வெங்கிடேஷ் அடுத்த வாரம் அங்கே வருகிறான் அல்லவா, அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

அப்பாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, ஸ்கேன் எடுத்தாயிற்று, மாடி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னார், அன்றைக்கு மத்தியானமே மாடியில் வற்றல் எடுக்கப் போனவரை என்ன செய்வது. ஓணத்துக்கு வியாபாரம் மோசமில்லை, ஆனால் முன்பு போல ஆட்கள் சாலைக் கடைவீதிக்குள் இறங்கி வருவதில்லை, வண்டி நிறுத்த இடமில்லை என்கிறார்கள், மழை பெய்தால் முட்டளவு தண்ணீர். அதனால்தான் ஆன்லைன் விற்பனையை நான் இவ்வளவு பெரிதாக நினைக்கிறேன். நீ போகும்போது எனக்காகத் தொடங்கிக் கொடுத்துவிட்டுப் போன பக்கம் அது. கடை உன் தாத்தா போட்டது, பெயர்ப் பலகையில் இருப்பது அப்பா பெயர், பில் புத்தகத்திலும் பிச்சைக்கனி பாத்திரக்கடைதான். இந்த ஒரு பக்கம் மட்டும்தான் என் பெயரில், என் வங்கிக் கணக்கில் ஓடுகிறது. கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடத்தில் வடிவம்மாள் என்ற பெயருக்குப் பார்சல் ரசீது வந்தது அதில்தான். இதை நீ தெரிந்துகொண்டால்தான் மற்றது புரியும்.

அமெரிக்காக்காரி விஷயம் உனக்குப் பாதிதான் தெரியும், முழுவதும் சொல்கிறேன். நியூஜெர்சியில் இருக்கிற ஒரு மலையாளி அம்மாள், புது வீட்டுப் பாலுகாச்சலுக்கு ஆறு கிலோ வெண்கல உருளி வேண்டும் என்று நாலு தடவை கூப்பிட்டாள். வாய்க்கு வாய் சேச்சி, சேச்சி. அவள் தாய்வீடு ஆற்றிங்கல் பக்கம், சின்ன வயதில் அம்மாவோடு நம் கடைக்கே வந்திருக்கிறாளாம். நானும் மயங்கிப்போய்ப் பேசினேன். பேச்சு முழுக்கப் போனில், எழுத்தில் ஒரு வரி கிடையாது, அது என் முதல் தப்பு. கார்டில் பணம் கட்டினாள், பேச்சிமுத்து அண்ணாச்சி பெட்டி கட்டினார். நம் கடைப் பழக்கம் உனக்குத் தெரியும், செம்பானாலும் அண்டாவானாலும் வெறும் பாத்திரமாகக் கடைப்படி இறங்காது, ஒரு பிடி அரிசி போட்டுத்தான் கொடுப்போம். அண்ணாச்சி முப்பது வருடமாகச் செய்கிற கை, உருளிக்குள்ளும் ஒரு பிடி மட்டை அரிசியைப் போட்டுத் தாளைச் சுற்றிப் பெட்டியை ஒட்டிவிட்டார். படம் எடுக்கவில்லை, எடை போட்ட சீட்டு வைக்கவில்லை. கையெழுத்து வாங்கிக் கொடுக்கும்படி கூரியரில் சொல்லவுமில்லை, அதற்குத் தனியாகப் பணம் கேட்டார்கள், எதற்கு என்று விட்டுவிட்டேன். இதெல்லாம் அடுத்தடுத்த தப்பு.

ஐந்து வாரம் கழித்து என் கணக்கிலிருந்து இருபத்தோராயிரத்துச் சொச்சம் பிடித்துக்கொண்டதாக மெசேஜ் வந்தது, அதற்குமேல் அபராதம் வேறு. ஏதோ திருட்டு என்று நினைத்து எதிர்வீட்டு ஷைலஜாவிடம் ஓடினேன், அவள் கூட்டுறவு வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவள், இந்த விவரமெல்லாம் தெரியும். அவள்தான் சொன்னாள், இது திருட்டில்லை சேச்சி, சார்ஜ்பேக் ஆணு என்று. வாங்கினவர் தன் கார்டு கொடுத்த வங்கியிடம் போய் இந்தச் சாமான் சரியில்லை என்று சொன்னால் போதுமாம், வங்கி நம்மைக் கேட்பதற்கு முன்னாலேயே பணத்தைப் பிடித்து வைத்துவிட்டுப் பிறகு நம்மை ஆதாரம் காட்டச் சொல்லுமாம். அந்த அம்மாள் சொன்ன குறை என்ன தெரியுமா, புதிது என்று சொல்லிச் சமைத்துப் புழங்கிய பாத்திரத்தை அனுப்பிவிட்டார்கள் என்று. அதற்குச் சாட்சி ஒரு போட்டோ. உருளியின் அடியில் நம் அரிசி.

ஆர்ஷா, வங்கியில் உட்கார்ந்திருக்கிற யாரோ ஒரு வெளிநாட்டுக்காரனுக்கு அந்த அரிசி எதற்கென்று தெரியாது, அவனை நான் மன்னித்துவிட்டேன். ஆற்றிங்கல்காரிக்குத் தெரியும். தெரிந்தே படம் பிடித்திருக்கிறாள். பணம் போனதைவிட அதுதான் எனக்கு ஆறவில்லை.

பதில் எழுத ஏழு நாள் தந்தார்கள். ஷைலஜா அந்த வாரம் கொல்லத்தில் மகள் வீட்டில் இருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை, நானே உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதி, அதை இங்கிலீஷில் போனிலேயே மாற்றி அனுப்பிவிட்டேன். என்ன எழுதினேன் என்று கேள். ஆமாம், அரிசி நாங்கள் போட்டதுதான், எங்கள் ஆள் தன் கையாலேயே போட்டார், நல்ல அரிசி, எங்கள் கடையில் இரண்டு தலைமுறையாக அதுதான் மரியாதை என்று பெருமையாக எழுதினேன். ஷைலஜா வந்து படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். என்டெ சேச்சி, குற்றம் சம்மதிச்சு ஒப்பிட்டுக் கொடுத்த போலெ ஆயல்லோ என்றாள். குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டதாகவேதான் ஆயிற்று. பாத்திரத்தில் தானியம் இருந்ததை விற்றவரே ஒப்புக்கொள்கிறார் என்று தீர்ப்பு எழுதிப் பணத்தை அவளுக்கே கொடுத்துவிட்டார்கள். உருளியும் அவளிடம், பணமும் அவளிடம். அந்த அம்மாளுக்கு நான் ஒரே ஒரு மெசேஜ் அனுப்பினேன், திட்டவில்லை. உருளியை அனுப்புங்கள், இல்லையென்றால் பணத்தை அனுப்புங்கள், இரண்டையும் வைத்துக்கொண்டு அந்த வீட்டில் பால் காய்ச்சாதீர்கள் என்று. இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. அதையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

இதில் பணம் போனது வரை உனக்குத் தெரியும். அப்புறம்தான் நீயும் அப்பாவும் ஒன்று சேர்ந்துகொண்டீர்கள். போனது போட்டும், நமக்கெதுக்குட்டி இந்த வேல, கடையோட நிறுத்திக்கோ என்று அவர் இங்கே, இழுத்து மூடும்மா, அந்தப் பணத்தை நான் அனுப்புகிறேன் என்று நீ அங்கே. பணம் வேண்டாம் என்று மட்டும் உன்னிடம் சொன்னேன், மூடுவதைப் பற்றி உங்கள் இருவருக்கும் அன்றைக்கே பதில் சொல்லவில்லை, வேலை இருந்தது. இப்போது சொல்கிறேன், மூடமாட்டேன். கடைக்குள்ளேயே எத்தனை பேர் உன் தாத்தாவையும் அப்பாவையும் ஏமாற்றியிருக்கிறார்கள், வெள்ளிக் கிண்ணத்தை மாற்றி வைத்துவிட்டுப் போனவன் உண்டு, கல்யாணத்துக்கு என்று வாடகைக்கு எடுத்த அண்டாவோடு ஊரைவிட்டே போனவன் உண்டு. யாராவது கடையை மூடினார்களா, பூட்டைத்தான் மாற்றினார்கள். என்னிடம் ஒருத்தி ஏமாற்றினதும் மட்டும் மூடு என்கிறீர்கள். அப்பா ஏமாந்தால் அது வியாபாரம், நான் ஏமாந்தால் அது எனக்குத் தெரியாத வேலை, அப்படித்தானே.

ஷைலஜாவை வைத்துக்கொண்டு ஒரு மாதம் எல்லாவற்றையும் மாற்றினேன். இப்போது பெட்டி கட்டுவதை முதலிலிருந்து கடைசி ஒட்டு வரை நிறுத்தாமல் வீடியோ பிடிக்கிறோம், தராசில் எடை தெரிய வேண்டும், பாத்திரத்தை நாலு பக்கமும் திருப்பி அடியையும் காட்ட வேண்டும். முதல் நாள் அண்ணாச்சிக்கு ஒரே வெட்கம், யக்கா, கேமராவைப் பாத்தா கை ஓடமாட்டேங்கு என்று புலம்பினார், இப்போது தலையைச் சீவி விபூதி பூசிக்கொண்டுதான் பெட்டி கட்ட வருகிறார். கையெழுத்து வாங்காமல் பார்சல் கொடுக்கக்கூடாது என்று கூரியரில் எழுதிக் கொடுத்துவிட்டேன், பணம் கூட ஆனாலும் சரி. போனில் யார் பேசினாலும் நல்லது, இதையே ஒரு மெசேஜாகப் போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிடுகிறேன், போடாதவருக்கு உருளி இல்லை. வாங்குகிறவரின் கார்டு கணக்குச் சீட்டில் கடைப் பெயரும் ஆன்லைன் பக்கத்தில் என் பெயருமாக இருந்ததால் பம்பாய்க்காரர் ஒருவர் இது யார் என்று தெரியவில்லை என்று சண்டைக்கு வந்தார், அதையும் ஒரே பெயராக மாற்றியாயிற்று. இனி எவளாவது புகார் கொடுத்தால் என் பெருமையை எழுதமாட்டேன், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில், கூடவே வீடியோ, எடை, கையெழுத்து, மெசேஜ், இவ்வளவுதான், அதுவும் ஏழாம் நாள் வரை காத்திருக்காமல்.

ஒன்றை மட்டும் மாற்றவில்லை. அரிசியை நிறுத்திவிடுங்கள் என்று ஷைலஜாகூடச் சொன்னாள். வெளிநாட்டுக்குத் தானியம் போகக்கூடாது என்று கூரியர்காரரும் இப்போதுதான் சொல்கிறார், அதனால் அங்கே போகிற பெட்டிக்கு அரிசி இல்லை, விரல் நீளத்தில் ஒரு பித்தளைக் கரண்டி. உள்நாட்டுக்கு அதே ஒரு பிடி அரிசி, துணியில் முடிந்து. ஆன்லைன் பக்கத்தில் முதல் வரியாகவே எழுதி வைத்துவிட்டேன், எங்கள் கடையிலிருந்து பாத்திரம் வெறுமையாக வராது, உள்ளே இன்னது இருக்கும், பிடிக்காதவர்கள் வேறு கடை பார்க்கலாம் என்று. கடைசி வரி கடுமையாக இருக்கிறது என்று அப்பா சொன்னார். இருக்கட்டும்.

நீயும் பழைய சோபாவை ஆன்லைனில் போட்டிருப்பதாகச் சொன்னாய். வருகிறவன் பணம் அனுப்பிவிட்டேன் என்று தன் போனைக் காட்டினால் நம்பாதே, உன் கணக்கைத் திறந்து உன் கண்ணால் பார். அதிகமாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பிக் கொடு என்று எவனாவது சொன்னால் ஒரு பைசா கொடுக்காதே, முதலில் வந்த பணமே நாளைக்கு நிற்காது. மாப்பிள்ளை வீட்டில் இருக்கும்போது வரச்சொல்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. ஆறு கிலோ வெண்கல உருளி, போன பணத்துக்குக் கிட்டத்தட்டச் சரியான தொகை. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பார்த்தீர்களா என்று அப்பாவிடம் காட்டினேன், அண்ணாச்சிக்குப் பழம்பொரியும் சாயாவும் வாங்கிக் கொடுத்தேன், எதிர்வீட்டுக்குப் போய் ஷைலஜாவிடமும் சொன்னேன். அவள் பழக்கப்படி கண்ணாடியை மாட்டிக்கொண்டு விவரத்தைப் பார்த்தாள். சாமான் போகவேண்டியது மாளவிகா என்ற பெயருக்கு, கார்டில் இருக்கிற பெயர் வேறு. பேரு ரெண்டும் வேறெயாணல்லோ சேச்சி, அயக்கண்டா, ஆரோ கள்ளக் கார்டாணு என்றாள், அனுப்பவே வேண்டாமாம். கார்டுப் பெயரைப் படி என்றேன். படித்தாள். உன் பெயர்.

மாளவிகா உன்னோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற பெண், போன வருடம் வீடியோவில் என்னிடம் மீன்கறிக்குப் பக்குவம் கேட்டவள், எனக்குத் தெரியாதா. ஷைலஜா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் வீட்டுக்கு வந்து அழுதேன், அதை உன்னிடம் மறைக்கவில்லை. அந்த நியூஜெர்சிக்காரிக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. நீ பாசத்தில்தான் செய்தாய், அதுவும் தெரியும், வேண்டாம் என்று சொன்ன பணத்தை வேறு வழியில் கொடுக்கப் பார்த்திருக்கிறாய். ஆனால் ஆர்ஷா மக்களே, அந்த அரைமணி நேரம் நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு சாலை முழுக்கச் சொல்லிக்கொண்டு நடந்தேன். அந்த அமெரிக்காக்காரி எடுத்தது என் பணத்தை மட்டும்தான்.

அந்த ஆர்டரை நானே ரத்து செய்துவிட்டேன். காரணம் என்ற இடத்தில் கார்டு பெயரும் பெறுபவர் பெயரும் ஒத்துப்போகவில்லை என்று போட்டேன். பணம் ஐந்தாறு நாளில் உன் கார்டுக்குத் திரும்பி வந்துவிடும், வராவிட்டால் சொல், ரசீது வைத்திருக்கிறேன். உனக்கு உண்மையிலேயே உருளி வேண்டுமென்றால் மகளாகக் கேள், நல்லதாகப் பார்த்து எடுத்து வைக்கிறேன், காசு வாங்கமாட்டேன். இல்லை, வாங்குகிறவளாக வருகிறாய் என்றால் விலை பேசு, அடியைத் தட்டிப் பார், குறை இருந்தால் முகத்துக்கு நேராகச் சொல். என்மேல் இரக்கப்பட்டு மட்டும் எதையும் வாங்காதே.

முத்தாரம்மன் உங்கள் இருவருக்கும் துணையிருக்கட்டும், தீர்க்காயுசாக இருங்கள். நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை, அங்கே வெயில் ஆரம்பித்துவிட்டதாமே, குடை எடுத்துக்கொண்டு போ. உன் ஆஸ்பத்திரியில் யாருக்காவது நிஜமாகவே உருளி தேவையென்றால் என் பக்கத்தைச் சொல்லிவிடு, என் மகளுக்குத் தெரிந்தவர் என்று சொல்லிக் குறைத்துக் கேட்கக் கூடாது என்றும் சொல்லிவிடு. நேற்றுக் கோயம்புத்தூரிலிருந்து இரண்டு குத்துவிளக்குக்கு ஆர்டர் வந்திருக்கிறது, சின்னத் தொகைதான், பெயர்கள் ஒத்துப்போகின்றன, யாரென்று எனக்குத் தெரியாது.

ஆசிகளுடன்,
உன் அம்மா
வடிவம்மாள்