அம்மாவின் வலது கை

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரரும் நலம் என்று அம்மா சொல்லித் தெரியும். உன் செய்தி எனக்கு எப்போதும் அவள் வழியாகத்தானே வருகிறது. போனில் பேசினால் நாம் சண்டைதான் போடுவோம். அதனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து இதைத் தட்டி அனுப்புகிறேன்.

காலையில் அம்மா உன்னிடம் கலகலவென்று பேசினாளே, வீங்கிய வலது கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டுதான் பேசினாள். போனை வைத்ததும் முனகல். உனக்குச் சிரிப்பு, எனக்கு முனகல். சின்னவளிடம் மூச்சு விடாதே என்று என்னிடம் சத்தியம் வேறு வாங்கினாள். நீ அழுதுவிடுவாயாம். நான் அழுதால் பரவாயில்லை போலிருக்கிறது.

விஷயம் இதுதான். அவள் உடம்பே அவள் ரத்தத்தை உறையவிடாமல் கெடுக்கிறதாம். பிறவியிலேயே உள்ளதில்லை, இந்த வயதில் புதிதாக வந்தது. பீரோ கதவில் இடித்துக்கொண்டாள். ரத்தம் உள்ளுக்குள்ளேயே கசிந்து முன்கை கல்லாக இறுகிவிட்டது. விரல்கள் மரத்துக்கொண்டு வருகின்றன. ரத்தம் உறைய மருந்து ஏறுகிறது. அது வேலை செய்யத் தொடங்கியதுமே முன்கையைக் கீறி உள்ளே இருக்கும் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், இன்றைக்குத் தவறினால் கையே போய்விடும் என்கிறார் டாக்டர். காயத்தைச் சில நாள் தைக்காமல்தான் வைத்திருப்பார்களாம்.

அதைக் கேட்டதும் அம்மா முடியவே முடியாது என்றுவிட்டாள். கெஞ்சினேன், திட்டியும் பார்த்தேன். "சின்னவ இருந்தா என்னை வெட்ட விடுவாளா" என்கிறாள். உன்னிடம் சொல்லவும் கூடாது, நீ சொல்லாமல் சம்மதிக்கவும் மாட்டாள். நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

மருந்து, மாத்திரை, குளிப்பாட்டுவது எல்லாம் நான். யோசனை கேட்க மட்டும் நீ. தையல் வேலை பார்த்து நம்மை வளர்த்த அந்தக் கை முதலில் உன் கவுனுக்குத்தான் துணி வெட்டும், மிச்சம் மீதியில் எனக்கு. இந்த வயதிலும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

படித்ததும் அவளைக் கூப்பிடு. அழாமல் பேசு. "ஆபரேஷன் பண்ணிக்கோம்மா" என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் எழுதியதைச் சொல்லாதே, டாக்டரே உனக்குப் போன் பண்ணியதாகச் சொல். கை பிழைத்தால், சின்னவள்தான் காப்பாற்றினாள் என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லுவாள். சொல்லட்டும். பக்கத்தில் நின்று நானும் ஆமாம் என்பேன்.

நீ நன்றாயிரு. சீக்கிரம் கூப்பிடு.

அக்கா