வியாழக்கிழமைப் புகை

அன்பு மகள் லடாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, தங்கச்சி பிம் மூவரும் நன்றாக இருக்கிறோம், கண் மட்டும் கொஞ்சம் எரிகிறது, மார்ச் மாதம் வந்தால் நம் ஊரில் எல்லாருக்கும் எரிவதுதான். தைவானில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, ஷிப்ட் முடிந்ததும் போனை நோண்டிக்கொண்டிருக்காமல் தூங்கி, சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். தினமும் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இதென்ன புதிதாகக் கடிதம் என்று கேட்பாய். நாம் பேசும்போது பிம் சுற்றிச் சுற்றி வருகிறாள், கண் எங்கேயோ இருந்தாலும் காது என் வாயிலேயே இருக்கிறது. நான் சொல்லப்போவது அவளைப் பற்றி, அதைவிட அதிகமாக என்னைப் பற்றி. அடுத்த வாரம் ஊர்த் தலைவர் இந்தாவின் மருமகள் அங்கே வேலைக்கு வருகிறாள், அவளிடம் காய்ந்த சோயா வில்லையும் மிளகாய்த் துவையலும் கொடுத்துவிடுகிறேன், இந்தக் கடிதம் அதன் நடுவில் இருக்கும். உறையைப் பசையரிசிச் சோறு வைத்து நன்றாக ஒட்டியிருக்கிறேன், பிரிந்திருந்தால் எனக்குச் சொல்.

நீ இருந்தபோது வாசலில் நின்றால் தெரியுமே மலை, இப்போது ஒரு மாதமாக அது இல்லை. இருக்கிறது, கண்ணுக்குத்தான் இல்லை. காலையில் எழுந்தால் வெள்ளையாக இருக்கிறது, பனியா புகையா என்று முகர்ந்து பார்த்தால்தான் தெரிகிறது. சூரியன் உப்பு முட்டையின் மஞ்சள் கரு மாதிரி மெதுவாக எழும்புகிறான், நேருக்கு நேர் பார்த்தாலும் கண் கூசுவதில்லை. நான் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டு நிற்பேன், அடுப்பில் சோறு அடிப்பிடித்துவிடும். நீ பாதித் தூக்கத்தில் பொறந்தவ என்று அப்பா என்னைச் சொல்வாரே, இந்த வருடம் அதை நாளைக்கு இரண்டு தடவை சொல்கிறார். அவருக்கு இடுப்பு இன்னும் சரியாகவில்லை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே எல்லாருக்கும் வேலை சொல்கிறார், அந்த அளவுக்குச் சுகம். சரி, விஷயத்துக்கு வருகிறேன், இல்லையென்றால் சூரியனைப் பற்றியே நாலு பக்கம் எழுதிவிடுவேன்.

தலைவர் வீட்டு ஒலிபெருக்கியில் காலை ஆறரைக்கு அவர் அறிவிப்புச் சொல்வது உனக்குத் தெரியும். டிசம்பரிலிருந்து வெள்ளிக்கிழமை மட்டும் பத்து நிமிடம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு. சுபாப் டீச்சர் போய்க் கேட்டாராம், சின்னப் பிள்ளைகள்தானே, பாட்டுப் பாடிவிட்டுப் போவார்கள் என்று தலைவரும் தலையாட்டிவிட்டார். முதல் வாரமே பிள்ளைகள், பள்ளி மைதானத்தில் பொறுக்கிய பீர் பாட்டில் முப்பத்தொன்று, அதில் பாதி தலைவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மறுநாள் கிடந்தவை என்று வாசித்தார்கள். அவர் மைக்கிலேயே, அவர் பக்கத்தில் நின்றுகொண்டே! ஊரே சிரித்தது, அவரும் சிரித்தார், வேறென்ன செய்வார். அப்புறம் மதியச் சாப்பாட்டுக் குழம்பு ஏன் தண்ணியாகிவிட்டது, ஓடையில் மருந்து டப்பாவைக் கழுவுவது யார் என்று வாரம் ஒன்று. பிப்ரவரி பிறந்ததும் புகை. தூசி எவ்வளவு என்று காட்டப் பள்ளியில் தினமும் ஒரு கலர்க் கொடி ஏற்றுவார்களே, அந்த வாரம் ஏறிய கொடிகளின் கலரைச் சொல்லிவிட்டு, எந்தக் கிழமை எந்தப் பக்கம் புகை எழும்பியது என்று வாசிப்பார்கள். மதிய இடைவேளையில் மாடி வராந்தாவில் நின்று பார்த்து நோட்டில் குறித்து வைப்பது. ஆள் பெயர் சொல்ல மாட்டார்கள். விகாரைக்குப் பின்னால் ஒன்று, மூங்கில் காட்டு ஓரம் ஒன்று, அவ்வளவுதான். ஊருக்குத் தெரியாதா யார் நிலம் என்று. வாசிப்பது நம் பிம். ஐந்தாம் வகுப்பில் அவளுக்குத்தான் குரல் தெளிவாம். அந்தப் புகைக்குள்ளிருந்து அவள் குரல் வரும்போது ஆளே தெரியாது, எங்கிருந்து வருகிறது என்றும் தெரியாது, வானமே பேசுகிற மாதிரி இருக்கும். நான் கரண்டியும் கையுமாகக் கேட்டுக்கொண்டு நிற்பேன். பெருமையாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

நம் மேட்டு நிலத்தில் சோளத்தட்டை அப்படியே நிற்கிறது என்று போனில் சொன்னேன் அல்லவா. எரிப்பதற்கு ஊர்க் கூட்டத்தில் நமக்குக் கொடுத்த நாளில் பனி இறங்கித் தட்டை நனைந்துவிட்டது, பற்றவில்லை. அதற்கப்புறம் யாரும் எரிக்கவே கூடாது என்று தடை வந்துவிட்டது. அப்பாவால் குனிய முடியாது, நான் ஒருத்தி வெட்டினால் மழை வந்து போன பிறகும் வெட்டிக்கொண்டிருப்பேன். இதெல்லாம் காரணம், எல்லாருக்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஒரு வியாழக்கிழமை மதியம் நான் தீப்பெட்டியோடு மேலே போனேன். அதிலும் உன் அம்மாவின் மூளையைப் பார். மதிய இடைவேளை முடிந்து மணி அடிக்கிற சத்தம் கீழேயிருந்து கேட்கும்வரை காத்திருந்தேன், பிள்ளைகள் வகுப்புக்குள் போய்விடுவார்கள், நோட்டை மூடி வைத்துவிடுவார்கள் என்று. ஊருக்குப் பயந்து இல்லை, லடா. என் பத்து வயது மகளின் கண்ணுக்குப் பயந்து. வியாழக்கிழமை மதியம் சாரணர் பயிற்சி, மொத்தப் பள்ளிக்கூடமும் மைதானத்தில் மலையைப் பார்த்து வரிசையில் நிற்கும் என்பது எனக்கு நினைவே வரவில்லை. அன்று காலையில் அந்தச் சாரணர் சட்டைக்கு இஸ்திரி போட்டு, கழுத்துத் துணி கட்டிவிட்டவளே நான்தான்.

தீ ஏறியதும் அழகாக இருந்தது. உன்னிடம் மட்டும் சொல்கிறேன். தட்டை படபடவென்று வெடித்தது, சாம்பல் கறுப்புப் பூச்சி மாதிரி மேலே மேலே போனது, நான் எந்தக் கவலையும் இல்லாமல் பார்த்துக்கொண்டு நின்றேன், எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. புகை மேலேதானே போகிறது என்று நினைத்தேன். வெயில் தணிந்ததும் அது எல்லாம் திரும்பி இறங்கி ஊருக்குள் வந்து படுத்துக்கொண்டது. அன்று சாயங்காலம் எதிர்வீட்டு செங்லாவின் மகள் மாலிக்கு மூச்சிழுப்பு வந்துவிட்டது. பிம்மோடு ஒரே பெஞ்சில் உட்காருகிற மாலிதான். உதடு நீலம் பாரித்துப்போய், பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டியில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் புகை நாற்றம் போகத் தலைக்குக் குளித்துவிட்டு வாசலில் நின்றேன். பிம் என்னைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. சோறு போட்டேன், சாப்பிட்டாள். எனக்கு ஒரு நிம்மதி கூட வந்தது, பார்க்கவில்லை போலிருக்கிறது என்று.

மறுநாள் காலை அவள் வாசித்தாள். திங்கள் ஆரஞ்சுக் கொடி, ஓடைப் பக்கம் புகை. செவ்வாய் ஆரஞ்சு, விகாரைக்குப் பின்னால் இரண்டு புகை. புதன் ஒன்றும் இல்லை. வியாழன் என்று சொல்லிவிட்டு நிறுத்தினாள். மைக் இரைகிற சத்தம் மட்டும் வந்தது. நான் அடுப்பங்கரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் சொன்னாள்.

"வியாழக்கிழமை, புகை எதுவும் இல்லை."

ஊரே இருமிக்கொண்டிருக்கிறது லடா, அவள் புகை இல்லை என்கிறாள். உன் தங்கச்சி, முட்டை உடைத்தால் கூட நான்தான் உடைத்தேன் என்று தானே வந்து நிற்கிறவள். யாரும் வந்து எதுவும் கேட்கவில்லை, அது எனக்குத் திட்டைவிட மோசமாக இருந்தது. ஒன்பது மணிக்கு செங்லா மாற்றுத்துணி எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள், பிம் வாசித்ததை வழியிலேயே யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். வேலியோரம் நின்று, சத்தம் கூட உயர்த்தாமல் சொன்னாள்.

"பிம் நல்லாத்தான் வாசிச்சா, காம்பெங். உன் மேல எவ்வளவு பாசம் பாரு அவளுக்கு."

மாலி செவ்வாய்க்கிழமை முகமூடியும் மருந்துமாகப் பள்ளிக்கு வந்துவிட்டாள். அன்று பிம் வீட்டுக்கு வந்ததும் பையை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். என்னடி என்று நாலு தடவை கேட்டதற்கப்புறம் சொன்னாள், மாலி ஒன்று கேட்டாளாம். சண்டை போட்டுக் கேட்கவில்லையாம், தெரிந்துகொள்ளத்தான் கேட்டாளாம். "வியாழக்கிழமை புகையே இல்லன்னா, எனக்கு ஏன்டி மூச்சு வரல?" இவள் போய் நோட்டை டீச்சரிடம் கொடுத்துவிட்டாளாம், இனிமேல் வாசிக்கப் போகமாட்டாளாம். இதைச் சொல்லும்போது என்மேல் ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு திட்டு திட்டிவிட்டு மறந்திருப்பேனோ என்னவோ.

அந்த வார வெள்ளிக்கிழமை ஆறரைக்கு யாரும் வாசிக்கவில்லை. பிம் போகாமல் மற்றப் பிள்ளைகளும் போகவில்லை. தலைவர் பாட்டுப் போட்டார், உரம் வந்திருக்கிறது என்றார், நாய்க்கு ஊசி போடும் நாள் சொன்னார். பிம் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு கிடந்தாள், தூங்கவில்லை, கால் விரல் ஆடிக்கொண்டிருந்தது. அவள் குரல் வராத அந்தக் காலை எனக்கு எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, கட்டின துணியோடு தலைவர் வீட்டுக்குப் போனேன். ஒரு நிமிஷம் பேசணும் தலைவரே என்றேன். பன்றிக்குட்டி விற்கவா என்று கேட்டுக்கொண்டே மைக்கை நகர்த்திக் கொடுத்தார். என் குரலை அப்படிப் பெரிதாக நான் கேட்டதே இல்லை, யாரோ மாதிரி இருந்தது.

"போன வாரம் வியாழக்கிழமை எங்க மேட்டுல எரிஞ்சது. தீ வச்சது நான்தான், காம்பெங். பிம் பாத்திருக்கா, எனக்காகத்தான் சொல்லாம விட்டுட்டா. மாலிக்கு மூச்சு நின்னது என்னாலதான்."

தலைவர் என்னைப் பார்த்த பார்வை, பன்றிக்குட்டியே விற்றிருக்கலாம் என்கிற மாதிரி இருந்தது. ஊர்க் கூட்டம் கூடித் தீர்ப்புச் சொன்னார்கள், மழை வரும்வரை மலை முகட்டில் நெருப்புத் தடுப்புப் பாதையில் விழுகிற சருகை நான் பெருக்க வேண்டும், தினமும் இரண்டு மணி நேரம். நியாயம்தான். மேட்டில் மிச்சம் நிற்கிற தட்டையை எரிக்காமல் நடுவில் குழி போட்டு விதைக்கப் போகிறேன், விளைகிறது விளையட்டும், அப்பா முணுமுணுத்தார், நான் கேட்டுக்கொள்ளவில்லை. செங்லா இன்னும் என்னோடு பேசவில்லை. பேசு என்று நான் எந்த முகத்தோடு கேட்பது.

ஆனால் நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. மைக்கில் பேசிவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தேன், பிம் வந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்துக்கொண்டு. அவள் வாசலில் நின்றிருந்தாள், முகம் சிவந்து, கண்ணெல்லாம் தண்ணீர். "நான் பொய் சொன்னத நீ எதுக்கும்மா ஊருக்கெல்லாம் சொன்ன? உன்னோடத நீ சொல்லு. என்னோடத நான்தான சொல்லணும்?" என்றாள். உண்மையைச் சொன்ன திமிரில் அவளுடையதையும் சேர்த்து எடுத்துக் கொடுத்துவிட்டேன், கண்ணு. அது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் வற்புறுத்தவில்லை, தினமும் விடிந்ததும் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்விடுவேன்.

இன்று வெள்ளிக்கிழமை. விடுமுறைக்கு முன்னால் பிள்ளைகளுக்கு இதுதான் கடைசி வெள்ளி. நான் முகட்டில் தேக்கிலையைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். நாலடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை, மேகத்துக்குள் நின்று வாசல் பெருக்குகிற மாதிரி, நான் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துபோயிருந்தது. கீழேயிருந்து ஒலிபெருக்கி கரகரத்தது. உர அறிவிப்பு என்று நினைத்தேன். இல்லை, பிம்.

"ரெண்டு வாரத்துக்கு முன்னாடி வியாழக்கிழமை மேட்டு நிலத்துல புகை இருந்துச்சு. பாத்தது நான். இல்லன்னு வாசிச்சதும் நான். மாலி, அது தப்பு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். அப்புறம் பழைய குரலில் இந்த வாரக் கொடிகளை வரிசையாக வாசித்தாள். கடைசியாகச் சொன்னாள், "முகட்டுல பெருக்க ஒரு ஆளுதான் இருக்காங்க. நாளைக்குச் சனிக்கிழமை, நாங்க ஆறு பேர் போறோம். தடைக்கு முன்னாடி எரிச்சவங்க, பின்னாடி எரிச்சவங்க, நாங்க குறிக்காம விட்டவங்க, பெரியவங்கள்ல எத்தன பேர் வர்றீங்க?"

அவ்வளவுதான். மைக் அணைந்தது. நான் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து "ஒண்ணு!" என்று கத்தினேன், லடா. கத்திவிட்டு, பைத்தியக்காரி மாதிரி அந்தப் புகைக்குள் நின்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன். கீழே யாருக்கும் கேட்டிருக்காது. நாளைக்கு யார் வருவார்கள் என்று எனக்குத் தெரியாது. அவள் குரல் வந்துவிட்டது, அது தெரியும்.

நீ நன்றாகச் சாப்பிடு, முடியை அவ்வளவு குட்டையாக வெட்டாதே, வண்டி ஓட்டுகிற அந்தப் பையனைப் பற்றி இரண்டு மாதமாக நீ எதுவும் சொல்வதில்லை, நானும் கேட்கவில்லை. புத்தர் அருளால் உனக்கு நோய் நொடி இல்லாமல், நல்ல மனிதர்கள் பக்கத்தில் இருந்து, போன காரியம் முடிந்து நல்லபடியாக வீடு வந்து சேர வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. போனில் பிம்மிடம் இதை நீயாகக் கேட்காதே. அவள் எப்போதாவது சொல்வாள். சொல்லும்போது அம்மாவைப் பற்றிய இடம் வந்து அவள் கொஞ்சம் நிறுத்தினால், பரவாயில்லை, சொல்லு என்று சொல்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
காம்பெங்