நான் வெட்டிவிட்ட மேடு

நேற்று உன் அக்கா என் வீட்டுக்கு வந்தார். பீங்கான் பட்டறையில் வேலை முடிந்து நேராக வந்திருப்பார் போல. விரலிடுக்கில் வெள்ளைக் களிமண் காய்ந்திருந்தது. "அவ பொட்டியில இருந்துச்சு, உனக்குத்தான் புரியும்" என்று உன் ஆய்வு நோட்டை நீட்டினார். விரித்ததும் அந்த வரைபடம். நாம் சண்டை போட்ட வரைபடம்.

விருத்தாசலத்திலிருந்து ஒரே பஸ்ஸில் கிளம்பி, ஒரே ஆய்வகத்தில் சேர்ந்தவர்கள் நாம். இரும்பும் ஆர்சனிக்கும் கலந்த சின்னப் படிகம். நன்றாகக் குளிர்ந்தால் தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும். அதன்மேல் லேசரைப் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியை அளப்போம். அந்த அளவீட்டின் வரைபடத்தில், லேசர் கோட்டை ஒட்டி ஒரு மேடு எழும்புவதை முதலில் கவனித்தவள் நீ.

"படிகத்து மேல அழுக்குடி. அந்த மேட்ட வெட்டிட்டு வரைவோம்" என்றேன்.

"அழுக்குன்னா ஒளி அதிர்ற திசைய எப்படித் திருப்பி வச்சாலும் தெரியணும்ல? ஒரு திசையில வச்சாத்தான் இது வருது. குளிரக் குளிர ஏறுது, பாரு."

நான் பார்க்கவில்லை. கட்டுரையை முடிக்கும் அவசரம். பேராசிரியரும் என் பேச்சைத்தான் கேட்டார். மேட்டை வெட்டினேன். அடுத்த மாதம் நீ ஊருக்குத் திரும்பி ஒரு ஸ்கூலில் வேலைக்குச் சேர்ந்தாய்.

சில வருடங்கள் கழித்து வேறொரு குழுவின் கட்டுரையில் அதே மேட்டைப் பார்த்தேன். சதுரமாக அடுக்கியிருக்கும் அணுக்கள் இடம் மாறுவதற்கு முன்பே, எலெக்ட்ரான்கள் தமக்குள் ஒரு திசையைத் தேடத் தொடங்குகின்றன. அந்தத் தவிப்புதான் ஒளியில் மேடாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தார்கள். அன்றே உனக்குப் போன் செய்திருக்கலாம். நேரில் சொல்வோம் என்று தள்ளிப்போட்டேன். நம் ஊருக்கே கல்லூரி வேலைக்கு வந்த பிறகும், நாலு தெரு தள்ளியிருந்த உன் வீட்டுக்கு வரக் கூச்சமாக இருந்தது. பிறகு உனக்குக் காய்ச்சல் என்றார்கள். ஒரே வாரத்தில் நீ இல்லை.

"அவ ஏதோ தப்பா செஞ்சிட்டுத்தான் படிப்ப வுட்டுட்டு வந்துட்டான்னு வூட்ல நெனச்சிக்கிட்டு இருந்தோம்மா" என்றார் அக்கா.

"இல்லக்கா. அவ சரியாத்தான் பார்த்தா. தப்பு என்னுது."

அக்கா நோட்டை மூடி வைத்தார். "இத அவகிட்ட சொன்னியா?" என்று மட்டும் கேட்டார்.

இல்லை என்று தலையசைத்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

உன் அளவீடுகளை இனி யாரிடம் காட்டினாலும் உன் பெயரைச் சொல்லித்தான் காட்டுவேன். ஆனால் "நீ சொன்னதுதான்டி சரி" என்பதை நீ கேட்டிருக்க வேண்டும்.