அக்காவின் அறையில் பகல் மூன்று மணி

கர்த்தருக்குள் அன்பான வாலுவுக்கு,

உன் சித்தி எழுதுகிறேன். முப்பத்தைந்து வயது ஆளை இன்னும் வாலு என்று கூப்பிடுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்தால் முதல் வரியிலேயே பொய் சொன்ன பாவம் சேரும். நான் நலமாக இல்லை. நீயும் நலமாக இல்லை. அது எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லத்தான் இத்தனை வருடத்துக்குப் பிறகு பேனாவைத் தேடி எடுத்திருக்கிறேன்.

நீ என் போனை எடுக்காததற்குக் காரணம் நான்தான். அக்காவை அடக்கம் செய்த அன்று மாலை, பெற்றவளை மண்ணில் வைக்கக்கூட வராத நீ ஒரு பிள்ளையா என்று உன்னைக் கேட்டுவிட்டேன். கல்லறை ஓரத்தில் போனைத் தூக்கிப் பிடித்து உனக்கு எல்லாவற்றையும் காட்டியது நான். நீ அந்தப் பக்கம் தேம்பியதைக் கேட்டதும் நான். அப்படியிருந்தும் கேட்டேன். நம் குடும்பத்துக்கு வெளியிலிருந்து எதிரியே தேவையில்லை, அவரவர் வாய் போதும். என்னை மன்னித்துக்கொள். மன்னிக்க மனம் வராவிட்டாலும் பரவாயில்லை, கடிதத்தை மட்டும் கடைசிவரை படித்துவிடு.

முதலில் ஆலயத்துச் செய்தி. ஞாயிறு பள்ளி நடந்த பக்க அறைதான் இப்போது கம்ப்யூட்டர் அறை. ஓர் அலுவலகம் கழித்துப் போட்ட பதினோரு கம்ப்யூட்டர்களைச் சபையார் வாங்கி வைத்திருக்கிறார்கள், ஒன்பது ஓடுகின்றன. செவ்வாயும் வெள்ளியும் கூட்டம் தாங்காது. ஓய்வூதியம், ஆஸ்பத்திரிச் சீட்டு, பிள்ளைகளின் பள்ளி விண்ணப்பம் என்று எல்லாமே இணையத்துக்குப் போய்விட்டதால், அது இல்லாதவர்கள் எங்களிடம் வருகிறார்கள். போன வாரம் ஒரு சலவைக்காரம்மாவுக்கு டாக்டரைத் திரையில் கூப்பிட்டுக் கொடுத்தேன். டாக்டர் முகம் தெரிந்ததும், கொஞ்சம் இருங்கய்யா தலை வாரிட்டு வந்துடறேன் என்று எழுந்து வீட்டுக்கே போய்விட்டாள். டாக்டரும் பாவம், காத்திருந்தார்.

என் வேலை உனக்குத் தெரியும். காகிதத்தில் வருவதைத் திரையில் ஏற்றுவது, திரையில் வருவதைக் காகிதத்தில் இறக்குவது. ஜெப விண்ணப்பங்களும் அப்படித்தான். பெட்டியில் விழும் சீட்டுகளை நான் தட்டச்சு செய்து ஏற்றுவேன். இணையதளத்தில் வருபவற்றை, திரை பார்க்கத் தெரியாதவர்களுக்காக அச்செடுத்துப் பலகையில் ஒட்டுவேன். இதை மறந்துவிடாதே, பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

படுக்கையில் கிடப்பவர்களுக்குச் சபை டேப்லெட் கொடுத்தபோது அக்காவுக்கும் ஒன்று கொடுத்தோம். அவளுக்குக் கை நடுங்கும், பொத்தானைத் தொட முடியாது. அதனால் நீயோ ஆலயமோ கூப்பிட்டால் மணியடிக்காமல் தானாகவே எடுக்கும்படி நான் அமைத்துக் கொடுத்தேன். காது மந்தம் என்பதால் ஹெட்போனும் மாட்டிவிட்டேன். நீ மணிக்கணக்காகப் பேசியது வீட்டில் வேறு யார் காதிலும் விழுந்ததில்லை, ஆள் இருந்தால் அக்கா தலையை மட்டும் ஆட்டுவாள். உன் அப்பா வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, அந்தப் பலகையைப் பார்த்துச் சும்மா சிரிக்கிறாளே உங்க அக்கா, ஊமைப் படம் ஓடுதா என்று என்னிடம் கேட்பார். நீ அவருக்குச் சொல்லக் கூடாது என்றாய், அக்காவும் சொல்லவில்லை, நானும் வாயை மூடிக்கொண்டேன். மூட வேண்டாத இடத்தில் மட்டும் ஒழுங்காக மூடிக்கொண்டேன்.

அவருக்குக் கற்றுக்கொடுக்க நாங்கள் முயலவில்லை என்று நினைக்காதே. முதல் வகுப்புக்கு வந்தார். நாற்பது வருடம் லேத்தில் இரும்பு கடைந்த விரல், நுனியெல்லாம் காய்ப்பு. டேப்லெட்டின் கண்ணாடி அவர் விரலை விரலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. எத்தனை தடவை தொட்டாலும் அசையவில்லை. பக்கத்தில் இருந்த யாரோ சிரித்தார்கள். அவர் எழுந்து போனவர்தான், திரும்பி வரவில்லை. எங்கள் பட்டியலில் ஒரு வீட்டுக்கு ஒரு பெயர், ஒரு டேப்லெட். அந்த வீட்டுக்கு அக்கா பெயர் இருந்தது, நான் குறி போட்டுவிட்டேன். வீட்டுக்குள் இன்னொரு ஆள் வெளியே நிற்கிறார் என்பதற்குப் பட்டியலில் கட்டம் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அடக்கம் முடிந்த மறுநாளிலிருந்து உன் அப்பா பட்டறைக்குப் போவதில்லை. அக்காவின் அறைக் கதவைச் சாத்திவிட்டு, கூடத்து நாற்காலியைக் கதவைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். நான் சாப்பாடு கொண்டுபோனால் தட்டை வாங்கிக் கீழே வைப்பார், அப்புறம் மறந்துவிடுவார். இரண்டாம் வாரம் போனபோது சுவரில் அக்காவின் படத்துக்குப் பக்கத்தில் புது ஆணி ஒன்று அடித்திருந்தார். எதுக்கு அத்தான் என்றேன். தேவைப்படும் என்றார்.

அதற்கடுத்த முறை, உள்ளே பேச்சு கேக்குது என்றார். யார் பேச்சு என்றேன். பையன் பேச்சு என்றார். அம்மா அம்மான்னு கூப்பிடறான், கதவைத் திறந்து போனா நிறுத்திடறான், உள்ள யாரும் இல்ல என்றார். அழவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்பதுபோலச் சொன்னார். துக்கத்தில் மனிதனுக்கு என்னென்னவோ கேட்கும் என்று நினைத்து, போதகரை வந்து பார்க்கச் சொல்கிறேன் என்று சமாதானம் சொன்னேன்.

சொல்லிவிட்டு அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பட்டப் பகல், வெளியே வெயில், எதிர்வீட்டில் குழந்தை அழுகிறது. சாத்திய அறைக்குள்ளிருந்து, அம்மா, இருக்கியா என்று ஒரு குரல். உன் குரல். கைப்பாத்திரம் தொட்டிக்குள் விழுந்துவிட்டது. கூடத்துக்கு வந்து பார்த்தால் உன் அப்பா எழுந்து கதவைத் திறந்து உள்ளே போய்க்கொண்டிருக்கிறார். நானும் பின்னாலேயே போனேன். கட்டில், மேசை, மூடிய ஜன்னல். குரல் நின்றுவிட்டது. ஆனால் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பதுபோல அந்த அறை இருந்தது. கேட்டியா என்பதுபோல அவர் என்னைப் பார்த்தார். பிசாசு ஓட்டும் ஜெபத்தை எத்தனை பேருக்கு அச்சடித்துக் கொடுத்திருப்பேன், அன்று ஒரு வரி நினைவுக்கு வரவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் ஓடி வந்துவிட்டேன். மணி மூன்று.

அந்தச் சனிக்கிழமை வழக்கம்போல ஜெபச் சீட்டுகளை எடுத்து வைத்தேன். பெட்டியில் பென்சிலால் எழுதிய சீட்டு ஒன்று, உன் அப்பா கையெழுத்து. என் மகன் தூரதேசத்தில் இறந்துவிட்டான், கடிதம் வரவில்லை, ஆனால் எனக்குத் தெரியும், ஞாயிறு ஆராதனையில் இறந்தவர்களோடு அவன் பெயரையும் வாசிக்கவும் என்று இருந்தது. அதை மேசையில் வைத்துவிட்டு, இணையத்தில் வந்ததை அச்செடுத்தேன். பெயர் போடாத விண்ணப்பம். அதை அப்படியே எழுதுகிறேன், உனக்குத் தெரிந்ததுதான். "என் அம்மா இறந்துவிட்டார். அவர் அறைக்கு நான் தினமும் போன் செய்கிறேன். திரை இருட்டாக இருக்கிறது. அந்த நேரத்தில் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். ஆனால் நான் அம்மா என்றால் யாரோ நடந்து வந்து பக்கத்தில் நிற்கிறார்கள். மூச்சு கேட்கிறது. பேசுவதில்லை. என் அம்மாவின் நிம்மதிக்காக ஜெபியுங்கள்."

இரண்டு சீட்டும் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அச்சு இயந்திரம் தாள் கேட்டுக் கத்திக்கொண்டே இருந்தது.

வாலு, அக்காவுக்குக் கடைசியாக உடை மாற்றிய அன்று ஹெட்போனைப் பிடுங்கிச் சுருட்டி அலமாரியில் வைத்தது நான். தூசு படியக் கூடாதென்று டேப்லெட்டை மேசைமேல் கவிழ்த்து வைத்ததும் நான். தானாக எடுக்கும் அமைப்பை நிறுத்த மறந்ததும் நான்தான். சாவு வீட்டில் போய் ஒரு மாதம்வரை கருவியைத் திருப்பிக் கேட்கக் கூடாது என்று சபையில் ஒரு விதி. மரியாதைக்காக வைத்தது. அந்த மரியாதைதான் அதை மின்சாரத்தோடு அங்கேயே கிடக்க விட்டது. நீ பேசியது ஹெட்போன் இல்லாமல் வீடு முழுக்கக் கேட்டது. நீ கேட்ட காலடி அக்காவுடையது இல்லை. அப்பா பட்டறைக்குப் போயிருப்பார் என்று நீ நினைத்திருந்த நேரத்தில், செருப்பில்லாமல் மெல்ல நடந்து வந்து, உன் குரலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது உன் அப்பா.

திங்கட்கிழமை போய் டேப்லெட்டைத் திருப்பிப் பார்த்தேன். அடக்கத்துக்குப் பிறகு இருபத்தொரு அழைப்பு, எல்லாம் உன் பெயரில். மூன்று மணிக்குத் திரை தானாக வெளிச்சமானது. நீ உன் முகத்தைக் காட்டவில்லை, கறுப்புக் கட்டம்தான். நான் அவசரப்பட்டு, வாலு, நான்தாண்டா என்று கத்தினேன். மூடிய அறை இருட்டில் அக்காவின் குரல்போலவே இருந்திருக்கும், வைத்துவிட்டாய். பதற்றத்தில் யோசிக்காமல் அதிலிருந்தே உன்னை ஐந்து முறை திருப்பிக் கூப்பிட்டேன். வீட்டுக்கு வந்தபிறகுதான் புத்தி வந்தது. உன் போனில் யார் பெயர் வந்திருக்கும்? செத்துப்போன அம்மா கூப்பிடுவதாக ஐந்து முறை மணியடித்திருக்கும். ஐயோ, என் பிள்ளை என்ன ஆனானோ என்று அன்று நான் சாப்பிடவில்லை. என் எண்ணிலிருந்து கூப்பிட்டால் எடுப்பதில்லை, செய்தி அனுப்பினால் பார்ப்பதில்லை. அதனால்தான் இந்தக் காகிதம். இதற்குக் கை கால் இல்லை, மூச்சு இல்லை, பயப்படாமல் படிக்கலாம்.

உன் அப்பாவுக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, எனக்காகப் பொய் சொல்லாத என்றார். உயிரோட இருந்தா அம்மா சாவுக்கு வராம இருப்பானா? உயிரோட இருக்கறவனுக்கு எட்டு வருஷத்துல ஒரு தடவ அப்பான்னு கூப்பிட வாய் வராதா? செத்தவங்கதான் அம்மாவ மட்டும் தேடி வருவாங்க. அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, நான்தான் அன்னிக்குச் சொன்னேன், நீ எனக்குச் செத்துட்டன்னு, பலிச்சிடுச்சு என்றார். நீ வீட்டை விட்டுப் போன நாளில் சொன்னதைத்தான் சொல்கிறார். அந்த ஒரு வார்த்தையை எட்டு வருடமாக வாயில் வைத்து மென்றுகொண்டிருந்திருக்கிறார் மனிதர், எனக்கே தெரியாது.

நீ நிறுத்தி இன்றோடு ஒரு வாரம். நான் கத்தி உன்னை விரட்டிவிட்டேன் என்று என்னிடம் அவர் முகம்கொடுத்துப் பேசுவதில்லை. இப்போது கூடத்தில் இல்லை, அறைக்குள்ளேயே கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். நேற்று நான் கதவோரம் நின்று பார்த்தபோது, அந்தக் கண்ணாடியை விரலால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அசையவில்லை. ஆணியில் உன் பள்ளிக்கூடப் படம் ஏறிவிட்டது. தண்ணீர் மட்டும் குடிக்கிறார். எலும்பும் தோலுமாகிவிட்டார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இப்படியே போனால் என் கையில் இல்லை என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

போன இரண்டு ஞாயிறும் அவர் சீட்டை நான் போதகரிடம் கொடுக்கவில்லை, பைபிளுக்குள் ஒளித்துவிட்டேன். வருகிற ஞாயிறு யாரும் வாசிக்காவிட்டால் நானே எழுந்து நின்று சொல்வேன் என்கிறார். ஆராதனை எல்லா டேப்லெட்டுக்கும் போகிறது, மகனே. உன் சாவை உன் அப்பா வாயால் அத்தனை படுக்கைகளிலும் கேட்பார்கள். அதற்குப் பிறகு அவர் அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்க மாட்டார் என்று எனக்கு உறுதியாகத் தெரியும்.

விரைவுத் தபாலில் போட்டால் வியாழக்கிழமை உன் கைக்கு வரும் என்றார்கள். டேப்லெட்டை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். ஜன்னலையும் திறந்துவிட்டேன். நான் அந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டேன், சத்தியம். பகல் மூன்று மணிக்குக் கூப்பிடு. உன் முகத்தைக் காட்டு, தாடியோடு இருந்தாலும் பரவாயில்லை. நியாயம் யார் பக்கம் என்று இப்போது கேட்காதே, உன் பக்கமே இருக்கட்டும். அம்மா என்று ஆரம்பிக்காதே. அப்பா என்று கூப்பிடு.

உடனே பதில் வராது. அவர் வாயைத் திறக்க நேரமாகும், உனக்குத் தெரியாததா? பக்கத்தில் மூச்சு மட்டும் கேட்கும். பயந்து வைத்துவிடாதே, கண்ணு. மறுபடியும் கூப்பிடு. அவர் திரும்பிப் பார்க்கும்வரை கூப்பிட்டுக்கொண்டே இரு.

உயிருள்ள தேவன் உயிரோடிருக்கும் உங்கள் இருவரையும் காப்பாராக.

உன் பதிலை அல்ல, அந்த வீட்டிலிருந்து ஒரு பேச்சுச் சத்தத்தை எதிர்பார்த்திருக்கும்,
சித்தி