கொன்றாளா, கொன்றாளாமா?

இன்று காலை ரயில் பங்காரப்பேட்டையைத் தாண்டியதும் என் பக்கத்தில் யாரோ தைல பாட்டிலைத் திறந்தார்கள். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஆரம்பிச்சிட்டியாடி" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்தது சளி பிடித்த ஒரு கல்லூரிப் பெண். அவள் மிரண்டு எழுந்து அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். எனக்குக் கால் நீட்ட இடம் கிடைத்தது. நீ போன பிறகும் உன் புண்ணியத்தில் இப்படிச் சில சௌகரியங்கள் உண்டு.

நீ நெற்றியில் தைலம் தேய்த்தால் வாதத்துக்கு இறங்கப் போகிறாய் என்று பெட்டியில் எல்லோருக்கும் தெரியும். நீ இன்ஷூரன்ஸ் ஆபீஸில் நாள் முழுக்க அடுத்தவர்களின் விபத்துக் கதைகளைப் படித்துச் சந்தேகப்படுகிறவள். நான் ஊர்வம்பை நகைச்சுவைக் கட்டுரை என்று பெயர் மாற்றிப் பத்திரிகைக்கு அனுப்புகிறவள். உண்மை விஷயத்தில் நமக்குள் ஒத்துப்போயிருந்தால்தான் அதிசயம்.

அந்தக் கொலை வழக்கு வந்தபோது எனக்குத் தீபாவளி. பெங்களூரில் ஒரு பெரிய பங்களாவில் தனியாக இருந்த பணக்காரப் பெரியவரை யாரோ கொன்றுவிட்டார்கள். எந்தச் சேனலைத் திருப்பினாலும் அதுதான். அந்த வீட்டில் சமையல் செய்துகொண்டிருந்தவள் நம் ஊர்ப் பாலகாட் பக்கத்து மல்லிகா, நம் பெட்டியில் கதவோரம் நின்று வருகிறவள். போலீஸ் அவளைக் கூட்டிப்போய் விசாரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டது. டிவி அனுப்பவில்லை. அவள் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு வைத்துக்கொண்டது.

நம் பெட்டி ஒரு தனிக் கோர்ட். குற்றவாளி அந்தப் பெரியவரின் மருமகன்தான் என்று நான் தீர்ப்பே எழுதிவிட்டேன். என்னிடமிருந்த ஆதாரம், சாவு வீட்டில் அவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார் என்பது. "கண்ணு நோவா இருந்தா இன்னாடி பண்ணுவ?" என்று நீ கேட்டாய். முழுசாக விட மனசில்லாமல் தூக்கை ஆயுளாகக் குறைத்தேன்.

ஆனால் மல்லிகா வேலைக்கு வராமல் வீட்டோடு இருந்த அந்த நாட்களில் பெட்டி மெல்ல அவள் பக்கம் திரும்பியது. ரோஸியை மறந்திருக்க மாட்டாய். அபார்ட்மெண்ட் ஆபீஸில் வேலை பார்க்கிறவள். அங்கே ஒரு வீட்டில் சமையலுக்கு மல்லிகாவை அவள்தான் பேசி வைத்திருந்தாள். பழைய வேலை போன மல்லிகாவுக்கு இருந்த ஒரே பிடி அது. ஒரு காலையில் ரோஸி போனைக் கையில் எடுத்துக்கொண்டு, "மல்லிகாதான் கொலகாரனுக்கு ஊட்டு சாவியக் குடுத்தா. அந்தம்மாக்குப் போன் பண்ணி, அவ வேணாம்னு சொல்லிடறேன்" என்றாள்.

நீ தைல பாட்டிலை மூடினாய்.

"குடுத்தாளா, குடுத்தாளாமா?"

ரோஸிக்குப் புரியவில்லை. எங்களுக்கும்தான். நீ அவளைப் போன் பண்ணவிடாமல், சொன்னது யார் என்று ஒவ்வொருவராகக் கேட்டுப் பின்னோக்கிப் போனாய். ரோஸிக்குச் சொன்னது எதிர் சீட்டுக் கமலா. கமலாவோ, தான் ‘குடுத்தாளாம்’ என்றுதான் சொன்னதாகச் சாதித்தாள். அவளுக்குச் சொன்னது அவள் வீட்டுக்காரர், அவருக்குச் சொன்னது டிவி. கமலாவின் போனிலேயே அந்தச் செய்தியைத் தேடி எடுக்கச் சொன்னாய். ‘சாவி கொடுத்தது சமையல்காரியா’ என்று பெரிய எழுத்து, பக்கத்தில் அதைவிடப் பெரிய கேள்விக்குறி.

"டிவிக்காரனே கேட்டுக்கினுதான் இருக்கான். கமலா வரைக்கும் ‘ஆம்’ இருந்துச்சு. அந்தச் சீட்டுலருந்து இந்தச் சீட்டுக்கு வரதுக்குள்ள அது எங்கடி இறங்கிச்சு?"

டிக்கெட் எடுக்கவில்லை போலிருக்கிறது என்றேன் நான். நீ சிரிக்கவில்லை. ரோஸி போனைப் பையில் போட்டாள்.

எழுதுகிறவள் என்று பேர், எனக்கு அதுவரை உறைக்கவில்லை. கண்ணால் பார்க்காததைச் சொன்னால் ‘ஆம்’ ஒட்ட வேண்டும் என்று நம் நாக்குக்குத் தானாகவே தெரியும். மாலூரில் ஏறுகிறவர்கள் கன்னடத்தில் ‘அந்தே’ என்று ஒட்டுகிறார்கள். நம் தெலுங்குக்காரர்களுக்கும் அப்படி ஒன்று உண்டு. மூன்று பாஷை பேசுகிற ஊரில் பிறந்துவிட்டு, அந்தத் துளி ஒட்டைச் சுமக்க நமக்குச் சோம்பல்.

மறுநாள் மல்லிகா ஏறினாள். கதவோரமே நின்றாள். யாரும் அவள் பக்கம் பார்க்கவில்லை. நீ கூப்பிட்டு உட்கார வைத்தாய். நடந்ததை யாரோ அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். உன் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாச்சும் என்ன நம்புறியேக்கா" என்றாள். நான் முந்தானையைக் கண்ணருகே தயாராக வைத்துக்கொண்டேன்.

"நம்புறேன்னு நான் சொல்லலம்மா. நீ குடுத்தியா இல்லியான்னு எனக்குத் தெரியாது. தெரியாத விஷயத்துக்கு ஒருத்தி சோத்துல மண்ணப் போடக்கூடாதுன்னேன், அவ்ளோதான்."

மல்லிகாவின் முகம் விழுந்துவிட்டது. உன்னைக் கிள்ளலாம் என்றுகூட எனக்கு இருந்தது. ஒயிட்ஃபீல்டு வரைக்கும் அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்புறம், "போலீசுலகூட இவ்ளோ நேரா யாரும் பேசலக்கா" என்றாள். கையை மட்டும் விடவில்லை.

இறங்கி நடக்கையில் உன்னைத் திட்டினேன். நம்புகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவாய்?

"நம்புறேன்னு சொன்னவ நாளைக்கு நம்பலன்னு சொல்ல எவ்ளோ நேரம் ஆவும்? தெரியாதுன்னு சொன்னா அது தெரியற வரைக்கும் நிக்கும்" என்றாய்.

நின்றது. மல்லிகா இன்றும் அந்த அபார்ட்மெண்ட் வீட்டில்தான் சமைக்கிறாள். பிறகு போலீஸ் பிடித்தது மல்லிகாவை அல்ல, நான் தீர்ப்பெழுதிய மருமகனையும் அல்ல. நம் பெட்டியில் ஒருவர் வாயிலும் வராத ஓர் ஆள். அவன்தான் கொன்றானாம். பார், எழுதும்போதே கை ஒட்டுகிறது. வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறதே.

நீ போனபோது நான் ஊரில் இல்லை. ஸ்கெலட்டன் ஏரியாவில் இருக்கும் உன் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கஷ்டமே படாமல் போனாயாம்; டாக்டர் சொன்னாராம். உன் மகன் சொன்னான். பெட்டியில் இப்போது எல்லோரும் "கஷ்டப்படாம போனா" என்கிறார்கள். எந்தச் செய்தியிலும் அந்த ‘ஆம்’ எனக்கு இப்படிக் குத்தியதில்லை. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க எனக்கும் ஆசைதான். உன்னிடம் அது செல்லாது. ஆகவே, கஷ்டப்படாமல் போனாயாம்.

ஆனால் ஒட்டுப் போடாமல் சொல்லவும் என்னிடம் நிறைய இருக்கிறது. அன்று மல்லிகாவுக்காக நீ நகர்ந்தாய். நீ நகர்ந்த வேகத்தில் என் பாதி உடம்பு சீட்டுக்கு வெளியே தொங்கிக்கொண்டு பெங்களூர் வரை வந்தது. நான் அங்கேதான் இருந்தேன். நான் பார்த்தேன்.